ஏழு மணித் தப்புகள்

"நேத்து ஆறாம் பெட்டுக்காரருக்கு சுகர் பாக்க மறந்துபோனேன் மக்களே. அரை மணிக்கூர் கழிஞ்சுதான் ஓர்மை வந்துது. எனக்க தப்பு. இனி நீங்க சொல்லுங்க."

காலை ஏழு மணி, நர்சுகள் டியூட்டி மாறும் நேரம். மார்த்தாண்டம் பக்கத்துச் சிறிய ஆசுபத்திரி ஒன்றின் தலைமை நர்ஸ் சத்தியபாய், தன் தப்பைச் சொல்லித்தான் நாளைத் தொடங்குவார். மாமனாரின் இடுப்பெலும்பு முறிந்து 2011-இல் பதினெட்டு நாள் அங்கே கிடந்தோம்; தினமும் வராந்தாவில் நின்று கேட்டேன். முதல் நாள், மனுஷனைத் தூக்கிக்கொண்டு வேறு ஆசுபத்திரிக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. இத்தனை தப்பா நடக்கும் ஓரிடத்தில்!

ஆள் குள்ளம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வார்டு முழுக்கத் தேடுவார். பாலும் சீனியும் இல்லாத கட்டன் சாயா ஒரு நாளைக்கு ஏழு. நடக்கும்போது வேண்டுமென்றே செருப்பைத் தரையில் தேய்ப்பார். காது கூசும். ஏன் இந்தக் கொடுமை என்று கேட்டேவிட்டேன்.

"பதுங்கிப் போய் பிடிச்சா பிள்ளைய பேடிச்சுப் போகும். பேடிச்ச பிள்ள அடுத்த தப்ப ஒளிச்சு வைக்கும் கேட்டியளா? நான் வாறது தெரிஞ்சா, கண்ணசந்த பிள்ளயும் முழிச்சு வேலயப் பாக்கும்."

புதிதாகச் சேரும் நர்சிடம் அவர் முதலில் சொல்வது ஒரு காலைப் பற்றி. இருபத்திரண்டு வயதில் வேறோர் ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு பெண்ணின் மாவுக்கட்டு இறுகிப் பாதம் நீலம் பாரித்ததைக் கண்டார். டாக்டரிடம் சொல்லப் பயம். மறுநாள் அந்தக் கால் முழுவதையும் வெட்டி எடுக்கவேண்டி வந்தது. "நான் வாயத் தொறக்கல்ல. அவளுக்குக் கால் போச்சு," என்பார். அழமாட்டார். கேட்கிறவர்கள்தான் அழுவார்கள்.

இங்கே பெரிய டாக்டர் தாணுலிங்கம். கை தங்கம், வாய் நெருப்பு. கோபம் வந்தால் ஃபைல் பறக்கும். சத்தியபாய் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தபோது, "என்ன சிஸ்டர், சர்ச்சில சாமியார்ட்ட சொல்லுத பாவசங்கீர்த்தனமா?" என்று சிரித்தாராம்.

"அது சாமியாருக்கு மட்டும் கேக்கும் டாக்டர். இது எல்லாருக்கும் கேக்கணும்."

டாக்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

நாங்கள் போன இரண்டாம் வாரம், ரப்பர் வெட்டப் போய்ச் சரிவில் விழுந்து தொடை ஒடிந்த கீரிப்பாறை ஜான்ரோசுக்குத் தாணுலிங்கம் கையால் ஆபரேஷன். அதே வார்டில் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மீன்காரர் ஒருவரும் ஜான்ரோஸ். இனிஷியலும் ஒன்று. எங்கள் ஊரில் வீட்டுப்பேர் சொல்லித்தான் ஆளைப் பிரிப்போம். ஆசுபத்திரிச் சீட்டில் வீட்டுப்பேருக்கு ஏது இடம்?

தியேட்டரில் ரத்தப் பையை மாட்டப்போனவள் நர்ஸ் பெமிலா. சேர்ந்து எட்டு மாதம். பையில் இருந்த நம்பரைப் பார்த்தாள், நோயாளியின் சீட்டைப் பார்த்தாள். ஒத்துப்போகவில்லை.

"டாக்டர், இது இவருக்க ரத்தம் இல்ல."

"பேரு பாத்தியா? ஜான்ரோஸ்தானே? ஏத்து!"

"ஏத்தமாட்டேன் டாக்டர்."

பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாளாம். டாக்டர் கத்திய கத்தல் வார்டில் எங்களுக்கே கேட்டது. மயக்க மருந்து டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவ சொல்லது சரிதான் சார்," என்றார். கீரிப்பாறைக்காரருக்கு ஓ குரூப். பையில் இருந்தது மீன்காரருக்கான பி. ஏற்றியிருந்தால் ஆள் தீர்ந்திருப்பார். சரியான ரத்தம் வந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சாயங்காலம் ஜான்ரோஸ் கண் திறந்து கஞ்சி கேட்டார். அடேயப்பா, அன்றைக்கு வார்டில் எங்களுக்கெல்லாம் பெருநாள்தான்!

ஆனால் பெமிலாவுக்கு வேலை போய்விடும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெரிய டாக்டரிடம் முடியாது என்று சொன்னவர் அங்கே அதுவரை யாருமில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு சத்தியபாய் வாயெடுக்கும் முன் கதவு திறந்தது. டாக்டர் தாணுலிங்கம். பெமிலா முகம் வெளிறிப்போனாள். வராந்தாவில் நின்ற நான் வாசலுக்கே நெருங்கிவிட்டேன்.

"ரத்தத்துக்கு எழுதினது நான்," என்றார். "மத்த ஜான்ரோசுக்க சீட்டப் பாத்து நம்பர் எழுதிட்டேன். நிறுத்துன பிள்ளயத் திட்டினதும் நான்தான். எனக்க தப்பு."

சத்தியபாய் கைதட்டவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. பெஞ்சில் பெமிலாவை ஒட்டி இருந்தவர், சற்றுத் தள்ளி உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் விழுந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"இரியுங்க டாக்டர்."