பஸ் திரும்பாத ஊரில் இட்லிக் கடை

பஸ் நிற்கிற இடத்தில் ஹோட்டல் வைத்தவனுக்கு உப்பு, புளி எல்லாம் அப்புறம்தான். முதலில் பஸ் நிற்க வேண்டும். சின்ன ஊரில் கடை போட்டு, ரோட்டையே பார்த்துக் கழுத்து சுளுக்கியவர் யாராவது உங்களில் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் புனே பக்கத்து பிம்ப்ரி தொழிற்சாலையில் எனக்கு 'விருப்ப ஓய்வு' கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. நானும் என் மனைவி மல்லிகாவும் புனேயிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, நெடுஞ்சாலை நட்டநடுவாகப் போகிற ஒரு சின்ன ஊரில் இட்லிக் கடை போட்டோம். கையில் இருந்ததெல்லாம் அந்தக் கடைக்குள் போய்விட்டது. அது படுத்தால் நாங்களும் படுத்தோம், அவ்வளவுதான்.

டிரைவருக்கு பில்

முதல் வாரமே ஒரு அசட்டுத்தனம் செய்தேன். சிவப்பு அரசாங்க பஸ் ஓட்டி வந்த ஷிண்டே, நாலு இட்லி சாப்பிட்டு எழுந்தார். தொழிற்சாலை கேன்டீனில் பழகிய புத்தி, பில்லை நீட்டிவிட்டேன். மனிதர் சட்டைப் பையைத் துழாவிக் காசை எண்ணினார். கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பஸ் எதிர்ச்சாரியில், ஊரே 'காகா', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிற பாபுராவின் காரப் பயறு மிசல் கடை முன்னால் போய் நின்றது. பயணிகள் மொத்தமும் அங்கே. நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டு.

டிரைவர், கண்டக்டரிடம் காசு வாங்கக்கூடாது என்பது வழிக் கடைகளின் வழக்கமாம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? பாபுராவேதான். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து மராத்தியில் சொன்னார் (அங்கே தெற்கத்திக்காரன் எல்லாருமே 'அண்ணா'தான்): "அண்ணா, நாளைக்கு ஷிண்டேயைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உட்கார வை. எல்லா பஸ்ஸையும் நான் ஒருத்தனே தாங்க முடியாதுப்பா!"

ஏகாதசி இட்லி

ஆஷாட ஏகாதசிக்கு ஊர் முழுக்க விரதம், விட்டோபா கோயிலில் கூட்டம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் விரதம் என்றால் சோறுதான் ஆகாது. இட்லி பலகாரக் கணக்கு. "டபுளா ஊற வை மல்லிகா" என்றேன். விடியற்காலையில் ஆவி பறக்க இட்லி அடுக்கிவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பாபுராவ் கடை ஜவ்வரிசி கிச்சடிக்குப் போனார்கள். அங்கே விரதத்துக்கு அரிசி எந்த ரூபத்திலும் ஆகாதாம்!

துளசி மாலை போட்ட ஒரு பெரியவர் மட்டும் பரிதாபப்பட்டு நின்றார். இட்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் தட்டினார்: "அரிசி எந்த வேஷத்துல வந்தாலும் விட்டோபா கண்டுபிடிச்சிடுவார் அண்ணா."

சுத்தமான ரோடு

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண் குழந்தையை லாரி அடித்துவிட்டது. பிழைத்தாள், ஒரு கால் போயிற்று. அன்றைக்குக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, ஊருக்கு வெளியே பைபாஸ் வேண்டும் என்று மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது கேட்டாலும் போடுவேன்.

சில வருஷம் கழித்து ரோடு வந்தது. திறப்பு விழாவுக்கு மல்லிகா ஒரு அண்டா கேசரி கிளறினாள். கை தட்டினோம், கேசரி தின்றோம், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் காலையில் லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. குழந்தைகள் நடு ரோட்டில் கிரிக்கெட் ஆடின. அதைப் பார்க்க சந்தோஷமாகவும் இருந்தது, கல்லாவைப் பார்க்க பயமாகவும் இருந்தது. பஞ்சர் ஒட்டுகிற சலீம், பைபாஸைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "ரொம்ப சுத்தமான ரோடு அண்ணா. ஒரு ஆணிகூட இல்ல" என்றான்.

நாலாவது மாடி

முதலில் மூடியது பாபுராவ் கடை. புனே பக்கம் சிஞ்ச்வட்டில் மகன் வீட்டோடு போகிறேன் என்று சொல்ல வந்தார். எதிரிக் கடை ஒழிந்தது என்று நான் குதித்திருக்க வேண்டும். நானோ அவருக்கு ஒரு டம்ளர் காப்பியை நீட்டினேன். "மகனோட இருக்கப் போறீங்க, நல்லதுதானே காகா" என்று ஏதோ உளறினேன். அவர் பூட்டின தன் கடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலாவது மாடி அண்ணா. அங்கே எந்த பஸ் வந்து நிக்கும்?"

ஷிண்டேயின் மெமோ

எல்லா பஸ்ஸும் பைபாஸில் பறக்க, அன்றைக்குக் கையைப் பிடித்து உட்கார வைத்த ஷிண்டே மட்டும் தினம் காலையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே திரும்பி வந்தார். அந்த ஒரு பஸ்ஸில்தான் என் அடுப்பு எரிந்தது. ஒரு நாள் கண்டக்டர் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னார்: நேரமாகிறது என்று பயணிகள் புகார் எழுதிவிட்டார்கள், மெமோ வந்தாயிற்று, இன்னொரு மெமோ வந்தால் தூர டெப்போவுக்கு மாற்றல். ஷிண்டேயின் மனைவிக்கு வாரம் இரண்டு தடவை புனே ஆஸ்பத்திரி. இதையெல்லாம் மறைத்து, தினம் சிரித்துக்கொண்டே சட்னி கேட்டிருக்கிறார் பாவி மனுஷன்! மல்லிகா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "நம்ம கடைக்கோசரம் அவரு குடும்பம் அல்லாடணுமா?" என்றாள்.

மறுநாள் இட்லிப் பானையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பைபாஸ் திருப்பத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது, கையைக் காட்டினேன். பயணிகள் குஷியாக இறங்கிச் சுற்றிக்கொண்டார்கள். ஷிண்டே மட்டும் இட்லியைத் தொடவில்லை. ஊருக்குப் போகிற பாதையையே பார்த்தபடி கேட்டார்: "நீயும் வெளியே வந்துட்டா, நான் எதுக்கு அண்ணா இனிமே உள்ளே திரும்பணும்?"

இப்போது பைபாஸ் ஓரம்தான் என் கடை, வியாபாரத்துக்குக் குறைச்சலில்லை. 'இது எந்த ஊர் இட்லி?' என்று யாராவது ருசித்துக் கேட்டால்தான், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கையைக் காட்டவேண்டியிருக்கிறது.