ஈரத்தலை அக்கா

மூன்றாவது குளியலை முடித்துக்கொண்டு அக்கா வெளியே வருகிறார். மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் எதையோ மறந்துவிட்ட களை. என் மேசைக்கு எதிரே நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்" என்கிறார். என்னவென்று நினைவில்லை. சீட்டில் எழுதி வைத்தாராம், சீட்டு உள்ளே இருக்கிறதாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ளே போன காகிதம் வெளியே வராது. மனிதர்கள் வரலாம், சோப்புப் போட்டுத் தலைக்குக் குளித்தால். எனவே அக்கா மறுபடி உள்ளே போகிறார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சீட்டை என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். "ஷாம்பு தீர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறது.

குளியல் விதி எல்லோருக்கும் பொதுதான். மற்றவர்கள் காலையில் உள்ளே போனால் மாலையில் ஒரே குளியலாக முடித்துக்கொள்வார்கள். அக்காவுக்கு உள்ளே இருந்தால் வெளியே ஒரு வேலை ஞாபகம் வரும், வெளியே வந்தால் உள்ளே ஒன்று. ஈரத்தலை என்று பெயர் வைத்தவர் வாசல் காவலாளி. அக்காவுக்கும் அது தெரியும். கோபமில்லை. "தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்பார், முடி முனையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

அவர் ஆராய்வது பன்றிகளைக் கொல்லும் ஒரு வைரஸை. மனிதர்களை அது ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு வாய் வலித்துவிட்டது. பன்றி, காய்ச்சல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டதுமே ஒரு வீட்டுக்காரர் வாடகைக்கு விட மறுத்தார். இன்னொருவர் விட்டார், ஆனால் படியில் எதிரே வந்தால் இன்றுவரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பன்றிகளுக்கு வந்தால்தான் கதை முடிந்தது. ஒரு கொட்டிலுக்குள் நுழைந்துவிட்டால் சில நாளில் கொட்டில் காலி. எப்போதாவது, எங்காவது, ஒன்று பிழைத்துக்கொள்ளும். செத்தவற்றில் இல்லாத எதுவோ அதன் மரபணுவில் இருக்க வேண்டும். அது என்ன என்பதுதான் அக்காவின் பிழைப்பு, தூக்கம், சாப்பாட்டு நேரப் பேச்சு எல்லாம்.

"செத்ததெல்லாம் ஒரே மாதிரிதான் செத்திருக்கு. பொழைச்சது ஒண்ணு கெடச்சாப் போதுங்க" என்பார். அப்படி ஒன்று கிடைத்ததாகத் தொலைபேசி வந்தால், அக்கா கேட்கும் கேள்விகளிடம் போலீஸ் விசாரணை தோற்றுவிடும். ஒருமுறை ஒருவர் தன் பன்றி ஒன்று நோயை வென்றுவிட்டதாக மார்தட்டினார். அக்கா அரைமணி நேரம் துருவியதில், அது அந்த வாரம் முழுக்க மச்சான் வீட்டில் இருந்தது தெரியவந்தது.

இப்படிப்பட்டவர் உயிருள்ள பன்றியைத் தொட்டுப் பத்து வருடமாகிறது. வைரஸ் இருக்கும் அறைக்குள் போய்வந்தவர் அதன்பின் ஏழு நாளைக்குப் பன்றி இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. மறுபடி உள்ளே போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அக்காவோ ஒரு நாள் விடாமல் உள்ளே போகிறவர். வேறு யாருக்கும் இது ஒரு பொருட்டில்லை. அக்காவின் அண்ணன் பன்றி வளர்க்கிறார். வீடும் கொட்டிலும் ஒரே வளாகம்.

அண்ணன் வீடு கட்டிக் குடிபோனபோது அக்கா போகவில்லை. அண்ணி கீழே விழுந்து படுக்கையில் கிடந்தபோதும் போகவில்லை. இருவரும் பாதி வழியில் ஒரு ஓட்டலில் சந்திப்பார்கள். அதற்கென்றே அக்கா தனியாக ஒரு செருப்பு வைத்திருக்கிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார வந்தால் எதிர் நாற்காலிக்கு மாறிவிடுவார். ஏழு நாள் கணக்கை வெறும் சாக்கு என்று நினைத்த அண்ணன், இதற்குத் தானாக ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒருநாள் என்னிடமே தொலைபேசியில் குமுறினார். "படிச்சிட்டாள்ல. எங்கிட்ட நாத்தம் அடிக்குது அவளுக்கு. மக கல்யாணம் வீட்லதான் நடக்குது. அதுக்கும் வரலேன்னா எனக்குத் தங்கச்சியே இல்லேன்னு சொல்லிடுங்க."

சொன்னேன். அக்கா அன்றே, கல்யாணத்துக்கு முந்தைய ஏழு நாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்தார். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் அலுவலகத்துக்கு வந்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணாடிக்கு உள்ளே இருந்த உதவியாளர்களை அதட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெட்டி வந்து, பிரிக்காமலே உள்ளே போனது. அதில், மரபணு பார்ப்பதற்காக வெட்டிய ஒரு தாய்ப்பன்றியின் காதுத் துணுக்கு. ஒரு கொட்டிலே அழிந்த இடத்தில் பிழைத்த ஒன்று. இந்த முறை மச்சான் வீடெல்லாம் கிடையாது, விசாரித்தாகிவிட்டது. உறைபெட்டியில் வைத்தால் எத்தனை மாதமும் கெடாது என்று அவரே உதவியாளர்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து கதவுவரை போனார், திரும்பினார், மறுபடி போனார். கடைசியில் கதவு திறக்கும் அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "பூட்டி வைங்க. நான் அழுதாலும் குடுக்காதீங்க." அழவில்லை. ஆனால் மாலைவரை என் இழுப்பறையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். உலர்ந்த தலையோடு இருந்த அக்காவை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன். தங்கையிடம் "வந்துட்டியா" என்றதோடு நிறுத்திக்கொண்ட அண்ணன், சாப்பாடு முடிந்ததும் கொட்டிலுக்குப் போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார். "ஏழு நாள் ஆயிடுச்சில்ல. பிடி." சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாங்காவிட்டால் உறவு அன்றோடு சரி என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆயிடுச்சுண்ணா. ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஆனா இந்தக் கை எதையெல்லாம் தொட்டுச்சுன்னும் எனக்குத் தெரியும். உன் கொட்டில் என்னால காலியாச்சுன்னா நான் எப்படிண்ணா இருப்பேன்."

அண்ணன் குட்டியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நாத்தம்னு நெனச்சேன். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார்.

"பத்து வருஷமா அதத்தான் சொல்றேன்."

அண்ணன் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தானாகவே இரண்டடி பின்னால் போய் நின்றார். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை முன்னால் கொண்டுவரவில்லை. கட்டிய கை கட்டியபடி, கழுத்தை மட்டும் முடிந்தவரை நீட்டி, "அந்தக் குட்டியோட காதக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுண்ணா" என்றார்.