கணக்கில் வராத கோயில் நாம்பன்

ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகிறவர்கள் கடலையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்க்க. சிரிக்க வேண்டாம். எழுபதுகளின் நடுப்பகுதி, மாரி மழை தொடங்கக் கொஞ்ச நாள் இருந்தது. அக்காவின் கணவர் மிருக வைத்தியர். "வெட்டுறதுக்கு வளக்கிற மாட்டுக்கு ஊசி எதுக்கு அத்தான்?" என்று அன்புவழிபுரத்து வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன். "வந்து பாருமன்" என்றார். எதிலும் மூக்கை நுழைக்கிற எனக்கு அது போதும்.

காலை ஏழு மணிக்குத் திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லாஞ்சில் ஏறினோம். கட்டணம் சில்லறையோடு முடிந்தது. அத்தான் மடியில் பெரிய பிளாஸ்க், உள்ளே ஐஸ்கட்டிக்கு நடுவே மருந்துக் குப்பிகள். தேத்தண்ணி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. துறைமுகத்துக் கப்பல்கள் சிறுத்துக்கொண்டே போக, அத்தான் விளக்கினார். இன்னும் கன்று போடாத இளம் பசுவை எங்கள் பக்கத்தில் நாகு என்போம். இறைச்சிப் பட்டியிலும் நாகுகளை வெட்டுவதில்லை, பட்டி பெருகுவது அவற்றால்தான். கருவைக் கலைக்கிற நோய் ஒன்று இருக்கிறது. அதற்கான ஊசியை நாம்பனோடு, அதாவது காளையோடு, சேர விடுவதற்கு முன்னரே போட்டுவிட வேண்டும். மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி. சினைப்பட்ட நாகுக்குப் போட்டால் மருந்தே கருவைக் கலைத்துவிடலாம்.

மூதூரில் இருந்து ஜீப். இருபது மைலுக்குக் கிட்ட, பாதி தூரம் பள்ளம். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

பட்டி காட்டோரத்தில் இருந்தது. மாடுகள் மூதூர் முதலாளி ஒருவருடையவை, பார்ப்பவர் கணபதிப்பிள்ளை. அவருக்குச் சம்பளம் கிடையாது. பிறக்கிற கன்றுகளில் ஒரு பங்கு, அவ்வளவுதான். முந்தின வருடம் பல பசுக்களுக்குக் கரு கலைந்து பங்கே இல்லாமல் போயிற்று. அவருக்கென்று இருந்தது நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரே ஒரு நாகு, பெயரும் சுட்டிதான். "இது ஒரு கண்டு போட்டாத்தான் ஐயா, எனக்கெண்டு ஒரு பட்டி துவங்கும். இதுக்கு முதல்ல போடுங்கோ" என்றார்.

அத்தான் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நாம்பன் ஏதும் இதுகளோட திரிஞ்சதோ?"

"ஒண்டும் இல்லை ஐயா. எங்கட நாம்பன் எல்லாம் அங்கால வேலி அடைச்ச காலைக்குள்ள கிடக்கு. கலக்க விடேல்லை."

பொய் சொல்கிற முகமில்லை. சுட்டியைக் கம்புகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்தார்கள். அத்தான் ஊசியில் மருந்தை ஏற்றினார். நான் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் மணி, திமிலில் மஞ்சள் துணியோடு ஒரு பெரிய நாம்பன் வேலியோரம் ஆறுதலாக நடந்து வந்து, ஒரு நாகின் முதுகை நக்கியது.

"இது ஆர்ட மாடு?"

"அது கோயில்ட, தம்பி. நேந்து விட்டது. அதைக் கட்டவோ கலைச்சுத் துரத்தவோ ஏலாது."

"எப்ப துவக்கம் இங்க நிக்குது?"

"திருவிழா முடிஞ்ச கையோட வந்தது. ரெண்டு மாசத்துக்கு மேல."

அத்தானின் கை அப்படியே நின்றது. "கணபதிப்பிள்ளை, இதுவும் நாம்பன்தானே!"

"அது சாமிட மாடல்லோ ஐயா" என்றார் அவர், புரியாமல். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் வெளிறியது.

அத்தான் சேர்ட்டைக் கழற்றி, முழங்கைக்கு மேல் சவர்க்காரம் பூசி, ஒவ்வொரு நாகையும் கையை உள்ளே விட்டுச் சோதித்தார். சுட்டிதான் முதலில். அவர் கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். "சினைதான்" என்றார். கணபதிப்பிள்ளை மண்ணிலேயே குந்திவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு நாகுகளும் சினை. சந்தேகமானவற்றையும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் ஊசி போட்டார்.

"அப்ப சுட்டிக்கு அந்த நோய் வந்தா, ஐயா?"

"வரலாம். தனியாக் கட்டி, தனியா மேய விடுங்கோ. கண்டு போடுமட்டும் பயம்தான்."

போக விரும்புகிறவர்களுக்கு: இப்போது பாலங்கள் வந்து தரைவழி சுலபமாகிவிட்டது. தண்ணீர் கொண்டுபோங்கள், பட்டிக்காரரைக் கேட்காமல் வேலிக்குக் கிட்டப் போகாதீர்கள். ஒரு பட்டியைப் பற்றி அறிய விரும்பினால், அவருக்கு எத்தனை மாடு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவருடையது அல்லாத எவை வந்து போகின்றன என்றும் கேளுங்கள்.

அடுத்த வருடமும் மழைக்கு முன் அத்தானோடு தொற்றிக்கொண்டேன். சுட்டி நல்லபடியாகக் கன்று போட்டிருந்தது, அதுவும் நாகுக் கன்று. ஊசிக்கு அந்தக் கன்றைத் தானே பிடித்து வந்த கணபதிப்பிள்ளை, அத்தான் வாய் திறப்பதற்கு முன்னரே சொன்னார்:

"இந்த முறை சாமிட நாம்பனை ஆத்துக்கு அங்கால கலைச்சுப் போட்டன் ஐயா. கும்பிட்டுப் போட்டுத்தான் கலைச்சனான்."