நான் வாங்கிய அடைப் பெட்டி

ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெட்டியை வாங்கப் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கோயமுத்தூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வர்றேம்மா. துணிமணியெல்லாம் எடுத்து வெய்யி. ஊட்டப் பூட்டிட்டு எங்கூடவே வந்துரு" என்றாள். ஒரே மகள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். எனக்குப் போக வேண்டாம் என்றிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே மட்டும் என்ன கண்டேன்? எழுந்தால் வாசல் கூட்டுவேன், சோறு வைப்பேன், பொழுது சாயும். அவர் இறந்த அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மலையாள எல்லையோரம், எருத்தேன்பதியில் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது மட்டும் உள்ளே அசையாமல் கிடந்தது. ஆனால் வரமாட்டேன், தரமாட்டேன் என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

"முட்டை அடை வெச்சிருக்கறேன் கண்ணு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குஞ்சு பொரிக்கட்டும்."

"எத்தன நாளு ஆகும்?"

"இருபத்தொண்ணு."

"செரி. அன்னிக்கி வர்றேன்."

நான் எதையும் அடை வைக்கவில்லை. அடைக்கு உட்காரும் கோழியும் இல்லை. என்னிடம் இருந்தவை பஞ்சாயத்தில் பெண்களுக்குக் கொடுத்த ஐந்து கோழிகள். தவறாமல் முட்டை போடும். ஆனால் போட்டதும் எழுந்து போய்விடும். முட்டைமேல் உட்காரும் புத்தியே அந்த சாதிக் கோழிக்குக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வந்துபோய் இருந்ததால் முட்டையில் கரு இருக்கும், அது போதும். யாரிடமாவது அடைக்கோழி இரவல் கேட்கலாம்தான். கேட்க எனக்கு வாய் வராது. பெண்கள் குழுவாகக் கூடும் அயல்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, மெசினில் பொரிக்க வைக்கிறார்கள் என்று யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. மறுநாள் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போனேன்.

கோழித்தீவனம் விற்கும் கடை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஓரமாக நின்றேன். கடைக்காரர் மலையாளி. அவரே கடைசியில், "அம்மே, என்ன வேணும்?" என்று கேட்டார். அலமாரியைக் காட்டினேன். அந்தப் பக்கம் பொரிக்கிற மெசின் மூன்று இருந்தன.

ஒன்று, பீரோ மாதிரி பெரிது. அது எனக்கில்லை என்று அவரே தள்ளிவிட்டார். இரண்டாவது மஞ்சள் பிளாஸ்டிக்கில், மேலே கண்ணாடி போல மூடி. அதைத்தான் இறக்கி வைத்துத் துடைத்தார்.

"இதாக்கும் நல்லது. முட்டையை அதுவே திருப்பிக்கும். கரண்ட் போனா பேட்டரியில ஓடும். வெச்சிட்டு நீங்க மகள் வீட்டுக்குப் போயிட்டு வரலாம். ஒண்ணும் ஆகாது."

மகள் கூப்பிட்டது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திக்கென்றது. பொதுவாகச் சொன்னார் போலிருக்கிறது. கையை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"அதுங்க?" என்று மூன்றாவதைக் காட்டினேன். வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், தண்ணீர் ஊற்ற ஒரு கிண்ணம், சூட்டைக் காட்டி அதற்கேற்ப பல்பை எரியவிடும் மீட்டர்.

"அது பாடு அம்மே. நாளுக்கு மூணு நேரம் கையால திருப்பணும். கிண்ணத்துல வெள்ளம் வத்தாம நோக்கணும். கரண்ட் போனா பெட்டியைப் போர்த்தி வைக்கணும். ஆளு வீட்டுலயே இருக்கணும்."

"அதே குடுங்க."

தவிடு வாங்க வந்த ஒரு பெண் சிரித்தாள். "ஏனுங்கக்கா, நல்லதக் காட்டுனா நோஞ்சானக் கேக்கறீங்க? முட்டைக்குக் காவலிருக்கறதுக்கா இந்த வயசு?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கடைக்காரர் பெட்டியின்மேல் முப்பத்தேழரை என்று இலக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மீட்டரில் அது நிற்க வேண்டும். பதினெட்டு நாள் திருப்ப வேண்டும், அப்புறம் தொடக் கூடாது. அவ்வளவுதான் பாடம்.

வீட்டுக்கு வந்து ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை வைத்தேன். திருப்பியது தெரிய வேண்டும் என்று ஒரு பக்கம் கரியால் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி. அடை வைத்தால் கூடையில் ஒரு துண்டு இரும்பும் கரியும் போடுவது எங்கள் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. கோடைமழைக் காலம், சாயங்காலமானால் மலைப்பக்கம் உருட்டிக்கொண்டிருந்தது. உடைந்த அரிவாள் துண்டு ஒன்றையும் இரண்டு கரித்துண்டுகளையும் பல்புக்கு அடியில் வைத்தேன். மீட்டரிலிருந்து வரும் வயரின் நுனி எங்கெங்கோ நழுவிக்கொண்டே இருந்தது. அதையும் இரும்பின்மேல் படுக்க வைத்தேன். முப்பத்தேழரையில் நின்றது.

காலை, மத்தியானம், சாயங்காலம் திருப்பினேன். ஒருநாள் வெகுநேரம் கரண்ட் போயிற்று. பெட்டிமேல் ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். போர்த்திய பிறகுதான் வீட்டுக்காரருடையது என்று நினைவு வந்தது. கம்பளி கம்பளியாகத்தான் இருந்தது.

இருபத்தொன்றாம் நாள் மகள் வந்தாள். பெரிய பை ஒன்று மடித்து எடுத்து வந்திருந்தாள், என் துணிகளுக்கு.

"அடைக்கோழி எங்கம்மா?"

பெட்டியைக் காட்டினேன். அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"மெசினா? நீயா போய் வாங்கினே? கடையில பேசினியா?"

"ம்."

காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. "இருபத்தொண்ணு ஆச்சு. எல்லாம் கூமுட்டைம்மா. கெளம்பு" என்றவள் மூடியைத் தூக்கினாள். "இதென்ன, அருவாளு?"

"இடிக்கி."

"ஐயோ அம்மா! கரண்டு பெட்டிக்கு இடி காவலா?" சிரித்தாள். பிறகு வயரைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "வயரு இரும்பு மேல கெடக்குது. பல்புக்கு அடியில இரும்பு மட்டுந்தான் சுடுது. அதப் பாத்து மெசினு போதும்னு பல்ப அணைச்சிருது. முட்டைக்கு அத்தன சூடு இல்ல. இத்தன நாளும் குளுந்தே கெடந்திருக்குது."

இரும்பை எடுத்துவிட்டு வயரை முட்டைகளுக்கு நடுவில் தொங்கவிட்டாள். சூடு குறைந்தால் பொரிக்க நாள் தள்ளும் என்றாள். "ரெண்டு நாளு பாக்கலாம். லீவு சொல்லிக்கறேன். பொரிச்சாலும் செரி, பொரிக்காட்டியும் செரி, அப்பறம் பேச்சில்ல."

அந்த இரண்டு நாளும் அவள் என் சேலைகளை மடித்து அந்தப் பையில் அடுக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கூட மடிக்கவும் இல்லை.

இருபத்திமூன்றாம் நாள் காலையில் ஒரு முட்டையில் கீறல். மத்தியானத்துக்குள் நான்கு குஞ்சுகள் ஈரமாகக் கிடந்தன. மற்ற ஏழும் அப்படியே இருந்தன. மகள்தான் சந்தோஷப்பட்டுப் போனில் படம் எடுத்தாள். எனக்கும் வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. நான்கு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"செரி, இதுங்கள அடுத்தூட்டுல குடுத்துட்டுப் போலாமா?"

"ஒரு மாசத்துக்கு லைட்டுச் சூடு வேணும் கண்ணு."

"அப்பறம்?"

"கோழிய நரி தூக்காம பாக்கோணும்."

"அப்பறம்?"

"அப்பறம் முட்டை போடும்."

அவள் கையிலிருந்த சேலையைக் கட்டிலில் வைத்தாள். "அம்மா, எங்கூட வர உனக்கு இஷ்டமில்லையா?"

மறுபடி ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று தேடினேன்.

"நான் வரல கண்ணு" என்றேன்.

"இத ஒரு வார்த்த போன்லயே சொல்லியிருக்கலாமல்ல? இதுக்கு ஒரு மெசினு, காவலு, நானு லீவு போட்டு..."

"சொல்ல வரல."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி கொடியில் போட்டாள். கோபமா, வருத்தமா, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "போனு அடிச்சா எடுக்கோணும். ரெண்டாவது ரிங்குலயே எடுக்கோணும்" என்றாள்.

"எடுக்கறேன்."

பஸ் போன பிறகும் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றேன். போகாமல் இங்கேயே இருந்துகொண்டேன் என்று தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. குஞ்சுகளுக்கு நொய் வைக்க நேரமாகியிருந்தது.