ரசலையன் கண் தெரியாது என்று சொன்ன நாள்

வாதம் வந்து ராகேலின் வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, அவளைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி கொடுப்பதும் அவள் புருஷன் ரசலையன்தான். எழுபது தாண்டியவர். தக்கலைக்கு அருகே ஒரு சபை ஆலயத்தில் முப்பது வருஷம் மணி அடித்தவர். மூத்த மகன் ஆபேல் பூதப்பாண்டியில் வாத்தியார். இளையவன் ஜான்ரோஸுக்குத் தக்கலையில் துணிக்கடை.

“அம்மைய நான் கொண்டுபோறேன். நீங்க தம்பிகிட்ட இருங்க” என்று ஆபேல் வரும்போதெல்லாம் சொல்வான்.

“எனக்க கையும் காலும் ஓடுகது வரைக்கும் அவள எவனும் தொடண்டாம்லே” என்பார்.

கையும் காலும் ஓடின. கண்தான் ஓடவில்லை. இரண்டு வருஷமாக மங்கி மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி கொதிப்பதைக் காதால் அறிந்தார். ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து மனப்பாடமாகப் பாடினார். ராகேலுக்குத் தெரியும். ஆனால் வாதத்தோடு அவள் நாக்கும் போயிருந்தது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, கார்த்திகை மாதம். மாடத்தில் ஆஸ்பத்திரிக் குப்பிகள் இரண்டு இருந்தன. இடப்பக்கத்தில் இருப்பது குடிக்க, வலப்பக்கத்தில் இருப்பது காலில் தேய்க்க. அன்று காலை அடுத்த வீட்டு ஞானசெல்வி மாடத்தைத் துடைத்து, குப்பிகளை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது. அவள் வரும் முன்பே கால் தேய்த்துவிட்டிருந்த வாசனை அவர் கையிலேயே இருந்ததால் மோந்தும் தெரியவில்லை.

இடப்பக்கக் குப்பியைக் கரண்டியில் சரித்து நீட்டினார். ராகேல் முகத்தைத் திருப்பினாள். இடது கையால் தள்ளினாள்.

“கசக்கத்தான் செய்யும், ஏட்டி. கண்ண மூடிட்டுக் குடி” என்று தாடையைப் பிடித்து ஊற்றினார்.

அவள் நகம் அவர் மணிக்கட்டில் ஆழப் பதிந்தது. அவள் மூச்சில் அந்த வாடை எழுந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. தொண்டை கட்டும்வரை ஊரைக் கூப்பிட்டார்.

“குப்பியில தாள் ஒட்டியிருக்கே, பாக்கலியா?” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

“எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது அய்யா.”

டாக்டர் அவர் கண்ணையும் பார்த்தார். உள்நரம்பு செத்துவிட்டது, கீறிப் பயனில்லை என்றார்.

ராகேல் பிழைத்தாள், வாயும் தொண்டையும் வெந்திருந்தன. ஒன்பதாம் நாள் ஆபேல் வண்டியோடு வந்தான்.

“கொண்டு போலே” என்றார் ரசலையன். யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்.

தூக்கும்போது அவர் வேட்டியை அவள் பற்றிக்கொண்டாள். ஆபேல் விரல் விரலாகப் பிரித்தெடுத்தான். “விடும்மா. அப்பாவ மாசாமாசம் கூட்டிட்டு வாறேன்.”

முதல் மாசம் கூட்டிப்போனான். பிறகு மழை, அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பரீட்சை.

தக்கலையில் ஜான்ரோஸ் வீட்டோடு இருந்த ரசலையன் ஒருநாள் கம்பை ஊன்றிப் புறப்பட்டுவிட்டார். வில்லுக்குறி தாண்டி ஒரு வண்டிக்காரன் நிறுத்தினான்.

“எங்க போறீரு, பாட்டா?”

“பூதப்பாண்டிக்கு. எனக்க பெஞ்சாதி அங்க கெடக்கா.”

“தக்கலையப் பாத்துல்லா நடக்கீரு!”

எங்கே திரும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டாம் முறை ஓடையில் விழுந்தார். அதன்பின் மருமகள் குளோரி கம்பை எடுத்து ஒளித்தாள். கடைக்குச் சோறு கொண்டுபோகும்போது வாசலை வெளியே பூட்டினாள்.

“ஒமக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் சொல்லும், மாமா.”

கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். பிறகு அதை ஒட்டியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குளோரி திரும்பி வந்து, பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியபோது அது திறக்கவில்லை. “நகரும், மாமா” என்று வெளியே நின்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.