தண்டு கடைந்த வேகம்

பலாபத்வலயில் வீட்டோடு ஒட்டிய எங்கள் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஒன்றுதான். கணவரும் நானும் அதில் வேலை செய்கிறோம். எந்த வேலை வந்தாலும் அவர் பெல்ட்டை நடுச் சக்கரத்தில், அதாவது நடு வேகத்தில், போட்டுவிடுவார். திருமணத்துக்கு முன் நான் கண்டியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தேன். அங்கே வேகத்தைக் கணக்கிடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. வீட்டில் அதை நான் வற்புறுத்தவில்லை. சாதாரண இரும்புக்கு அவருடைய வேகம் பொருந்தியே வந்தது.

பல்லேபொலயில் மசாலா அரைக்கும் ஆலை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஆலை இயந்திரத்தின் உடைந்த தண்டைக் கொண்டுவந்தார். அதேபோல் ஒன்றை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டார். கணவர் வழக்கம்போல் தொடங்கினார். கத்தி முனை கருகியது. தீட்டிப் போட்டார், திரும்பவும் கருகியது.

"சாமான் சரியில்ல," என்றார்.

"சாமான் நல்லாத்தாங்க இருக்கு. சுத்துற வேகந்தான் கூட. கணக்குப் போட்டுப் பாக்கட்டா?"

"இத்தன வருசமும் கணக்குப் போட்டா கடைஞ்சேன்?"

அந்த நேரம் நானா வந்து எட்டிப் பார்த்தார். "மிளகு மூட்டையெல்லாம் அப்படியே கிடக்குது தங்கச்சி. நாளைக்குத் தர ஏலுமா?"

கணவர் தேநீர் குடிக்க உள்ளே போனார்.

இந்த உலோகத்தை எங்கள் கத்தி நிமிடத்துக்கு இருபது மீட்டர் வேகத்தில் வெட்டலாம். தண்டின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர். அதன் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்துக்கு நூற்றிருபத்தேழு சுற்று வந்தது. நடுச் சக்கரத்தில் அது நானூறு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. நானாவிடம் "ஏலும்" என்றேன். பெல்ட்டை அந்தக் கணக்குக்கு நெருங்கிய கீழ் வேகத்துக்கு மாற்றி, முன்பு கத்தி உரசியதில் இறுகிப்போன மேற்பரப்புக்கு அடியில் கத்தி இறங்கும்படி சற்று ஆழமாக வெட்டினேன். சீவல் சுருள் சுருளாக விழுந்தது.

கணவர் கோப்பையோடு திரும்பி வந்து நின்றார். "ஆமை மாதிரி சுத்துது," என்றார். ஆனால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் குவளையை எடுத்து வெட்டுமிடத்தில் அவரே ஊற்றத் தொடங்கினார். மறுநாள் காலை நானா தண்டை வாங்கிப்போனார்.

அடுத்து வந்தது ஒரு பித்தளை வளையம். அதற்கு நடுச் சக்கரத்தின் வேகம் போதாது என்று கணக்குச் சொன்னது. பெல்ட்டை மேல் வேகத்துக்கு மாற்றினேன்.

"பறந்துராதா?" என்றார் கணவர்.

"இறுக்கித்தாங்க பிடிச்சிருக்கு."

சுவிட்சை அவரே போட்டார். போட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தார். வளையம் வழவழப்பாக வந்தது.

இப்போது புதிய உலோகம் வந்தால், "இதுக்கு எத்தன சுத்து?" என்று கேட்கிறார். மெல்லிய நீளக் கம்பிகள் கணக்கிட்ட வேகத்தில் அதிர்கின்றன. அங்கே அவர் சத்தத்தைக் கேட்டே வேகத்தைக் குறைக்கிறார். நான் குறுக்கிடுவதில்லை.