காரணம் எழுதும் கார்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதே அந்தக் கோபத்தால்தான். தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டிய எங்கள் தெருவில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. மாதக் கூட்டம் நாலு மணிக்கு என்றால் ஐந்தரைக்கு நாலு பேர் வருவார்கள். ஒருநாள் நான் கத்திய கத்தலைக் கேட்டுவிட்டுத் தலைவி, "இம்புட்டுக் கத்துறவ நீயே பொறுப்பை எடுத்துக்க" என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டார்.

தலைவி பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்தின் மூத்த மருமகள். ஐம்பது வயதிருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் வீட்டுக் கூடம் பெரியது என்பதால் கூட்டமும் அங்கேதான் நடக்கும். நானோ ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் கடிதத்தை அடித்து அடித்து, வீட்டில் உப்பு வாங்கச் சொன்னால்கூட "பொருள்", "பார்வை" போட்டு எழுதுகிற புத்தி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்.

அந்தப் புத்தியோடு நான் செய்த முதல் காரியம், சங்கத்துக்குக் கார்டு அச்சடித்தது. அன்புள்ள என்ற சொல்லெல்லாம் அதில் கிடையாது. "கீழ்க்கண்ட பொருள் குறித்த கூட்டத்துக்குத் தவறாமல் வரவும். வர இயலாதவர்கள் அதற்கான காரணத்தை எழுதி, கையொப்பமிட்டு, இந்தக் கார்டைத் திருப்பி அனுப்பவும்." கீழே "காரணம்" என்று போட்டு இரண்டு புள்ளிக்கோடுகள். எழுதத் தெரியாத பெண்களுக்கு அவர்கள் வீட்டு ஆண்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுக்கொடுத்தேன்.

வந்த காரணங்களை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "இன்னும் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கவில்லை." "தண்ணி லாரி வரும்போல் இருக்கிறது." "மாமியார் முறைக்கிறார்." ஒரு புருஷன், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதி அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கார்டு போன பிறகு கூட்டத்துக்கு ஆள் வந்தது. காரணம் எழுதுவதைவிட நடந்து வருவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள்.

சங்கம் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. தண்ணீர் வராத வாரங்களில் நகராட்சிக்குப் போய் உட்கார்ந்தோம். தெருவிளக்குக்கு மனு எழுதினோம். போலியோ சொட்டு மருந்து நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வந்தோம். பெரியாஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத பெண்களுக்கு முறைபோட்டுக் கஞ்சி கொண்டுபோனோம். இவற்றோடு அக்கா கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருந்தது. கர்ப்பமான பெண்ணுக்குத் தாய்வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள் என்றால், சங்கம்தான் தாய்வீடு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிறவளோ பள்ளிவாசல் தெருக்காரியோ, ஏழாம் மாதம் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, தலை நிறையப் பூ வைத்து, வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு போட்டு அனுப்புவோம். முதல் வளையல் தாய் போடுவது. அதை அக்கா போடுவார்.

அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கும் நாள் குறித்தோம். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊரில் பேர் வாங்கின மனிதர். தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கினவர்கள். சாதிதான் வேறு. அது ஒன்று போதாதா நம் ஆட்களுக்கு. பையனுக்குத் தாய் இல்லை. பெண் வீட்டில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

நாள் குறித்த அன்று அவள் என்னிடம் தனியாக வந்தாள். "அக்கா, நீங்க எழுதினா எங்கம்மா வருவாங்களா? ஒத்த வளையல் போட்டுட்டுப் போனாக்கூடப் போதும்க்கா. பிரசவம்னு நினைச்சாலே பயமா இருக்கு. ஒரு தடவை அம்மாவைப் பாத்துட்டேன்னா பயம் போயிரும்" என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அலுவலகப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். இரண்டு இடத்தில் நானே அழுதேன். அன்று மாலையே தண்ணீர்ப் பிரச்சினைக் கூட்டத்துக்கும் வளைகாப்புக்கும் சேர்த்து முப்பது கார்டுகள் எழுத வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் முடித்து, உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் சேர்த்துவிட்டுத்தான் சமைக்கவே போனேன்.

மூன்று நாள் கழித்து நோட்டைத் திறந்தால், அந்த இரண்டு பக்கக் கடிதம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. மிச்சமிருந்த வெற்றுக் கார்டுகளை எண்ணினேன். எழுதிய முப்பதுக்கு மேல் இன்னும் ஒன்று குறைந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்கு, அவர் மனைவி பேருக்கு, "பொருள்: வளைகாப்பு. தவறாமல் வரவும். வர இயலாதவர்கள் காரணம் எழுதவும்" என்று போயிருக்கிறது. பெற்ற மகளின் வளைகாப்புக்கு.

அக்காவிடம் ஓடினேன். அவர் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏண்டி, உனக்குக் கூறு இருக்கா? இதுக்குத்தான் அந்தக் கார்டே வேண்டாம்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"இன்னொரு லெட்டர் போட்டுரவா அக்கா?"

"என்னன்னு போடுவ? முன்னால போனது செல்லாதுன்னா? பேசாம இரு. எரியிற நெருப்புல நீ ஊத்துன எண்ணெய் போதும்."

அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தினமும் அலுவலகம் விட்டு வருகிற என்னைத் தெருமுனையில் பார்த்து, "பதில் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். நாலாம் நாள் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்கப்பா பள்ளிக்கூடத்துல, பிள்ளைக ஒரு நாள் லீவு போட்டாலும் காரணம் எழுதிக் கொண்டாடான்னு திருப்பி அனுப்புவாரு. அவருக்கே காரணம் கேட்டு அனுப்பிட்டீங்களேக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபக்காரிக்கு, எதிராளியும் கோபப்பட்டால்தான் நிம்மதி.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. காலையிலிருந்தே அக்கா வீட்டில் சோறு கிளறினோம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், கடைசியில் சர்க்கரைப் பொங்கல். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் தட்டு நிறைய இருந்தது. அந்தப் பிள்ளை மாம்பழக் கலர் சேலையில், கனகாம்பரமும் மல்லிகையும் வைத்து, பாயில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாசல் பக்கம் இருக்கும்படி பாயைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

நாலரை ஆனது. அக்கா முதல் வளையலை எடுத்தார். அவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு, "செத்த நேரம் பொறுங்கக்கா, ஆத்தூர் பஸ் ஒண்ணு வரணும்" என்றாள். பொறுத்தோம். ஐந்து ஆனது. இன்னொரு பஸ் என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

என் வாய் சும்மா இருக்குமா? "எம்புட்டு நேரந்தான் பிள்ள உக்காந்திருப்ப? வர்றவுகன்னா இந்நேரம் வந்திருப்பாக" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. வராமல் போனால் அதற்குக் காரணமே நான்தானே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் வளையலைப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து போட்டோம். என் முறை வந்தபோது அவள் கை ஜில்லென்று இருந்தது.

சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். வெள்ளையில் நீலக்கரை போட்ட நூல் சேலை, கையில் ஒயர் கூடை. தெருவெல்லாம் விசாரித்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உள்ளே இவ்வளவு பேரைப் பார்த்ததும் தயங்கி, வாசல்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

"இங்க சங்கத்துச் செயலாளர் யாருங்க?"

பாயில் இருந்தவள், "அம்மா" என்றாள்.

அந்த அம்மாவுக்குக் காதில் விழுந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. ஆனாலும் முதலில் என் பக்கம்தான் வந்தார். கூடையிலிருந்து கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நாலு மணின்னு போட்டிருந்துச்சு. கொஞ்சம் தாமதமாயிருச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகுதான் மகளிடம் போனார். வயிற்றைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். தட்டிலிருந்து இரண்டு சிவப்பு வளையலை எடுத்துப் போட்டார். ஏற்கெனவே முழங்கை வரை வளையல் இருந்தது. எப்படியோ அந்த இரண்டுக்கும் இடம் கிடைத்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

கார்டைப் பார்த்தேன். காரணம் எழுத வேண்டிய இரண்டு கோடுகளும் வெறுமையாக இருந்தன. கீழே கையெழுத்து மட்டும், ஆசிரியர் கையெழுத்து, குண்டு குண்டாக.

"காரணம் எழுதலையேம்மா" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குக் கோர்வையா எழுத வராதுங்க. அவரைத்தான் எழுதச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. மகள் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். "பிள்ளை எழுதின லெட்டரை எல்லாம் பிரிக்காம டிரங்குப் பெட்டியில போட்டுருவாரு. இது சங்கத்துக் கடிதாசின்னு பிரிச்சுட்டாரு. மூணு நாளா பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எழுதுவாரு, அடிச்சு வேற தாளுல எழுதிப் பாப்பாரு, கிழிச்சுப் போடுவாரு. எம்புட்டுப் பிள்ளைகளோட லீவு லெட்டரைத் திருப்பி அனுப்பின மனுசன். காரணம் எது, சாக்கு எதுன்னு அவருக்குத் தெரியாதா? இன்னைக்குக் காலையில வெறும் கையெழுத்தைப் போட்டுக் குடுத்து, கிளம்புன்னாரு."

"அப்பா எப்படிம்மா இருக்காங்க?" என்றாள் மகள்.

அம்மா வாசல் பக்கம் பார்த்தார். "தெருமுக்குக் கடையிலதான் நிக்கிறாரு. கூட வாங்கன்னேன். கார்டு உன் பேருக்குத்தானே வந்திருக்கு, எனக்கு யாரும் அனுப்பலையேங்குறாரு."

ஆண்களுக்குக் கார்டு கிடையாது என்பது சங்கத்து விதி, நான் எழுதிய விதி. அக்கா என் பக்கம் திரும்பினார். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற, எடு" என்றார்.

நோட்டிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்தேன். பொருள் என்ற இடத்தில் வளைகாப்பு என்று எழுதினேன். காரணம் கேட்கும் வரியை ஒரே கோடாக அடித்தேன். பெறுநர் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அப்பா பேரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"பேர் என்னன்னு போடட்டும் பிள்ள?" என்று கேட்டேன்.

"அப்பான்னு போடுங்கக்கா" என்றாள்.